கம்பெனியின் முகவரி செல்வத்தின் போனில் இருந்தது

பனியன் கம்பெனி ஆபீசுகளில் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்களிடம் கொஞ்சம் கோபமாகத்தான் பேசப் போகிறேன். வயதாகிவிட்டால் கோபம் சீக்கிரம் வருகிறது என்று எங்கள் வீட்டில் சொல்கிறார்கள். என் கோபம் வயதால் வருவதில்லை. ஒரே தப்பை ஊரே சேர்ந்து செய்வதைப் பார்த்து வருகிறது.

போன வாரம் அவிநாசி கோயிலில் பிரகாரம் சுற்றி வரும்போது தெரிந்தவர் ஒருவர் கையில் விசிட்டிங் கார்டைத் திணித்தார். புதிதாக முப்பது மெஷின் போட்டிருக்கிறாராம். சந்தோஷம். கார்டைப் பார்த்தேன். மேலே பிள்ளையார். அதற்குக் கீழே குலதெய்வம் துணை. தங்க எழுத்தில் கம்பெனி பெயர். தடவினால் விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி அச்சு. எல்லாவற்றுக்கும் கீழே ஈமெயில் முகவரி. முன்பாதி இவர் கம்பெனி பெயர், நடுவில் இவர் மகள் பிறந்த வருடம், பின்பாதி ஓசியில் மெயில் கொடுக்கிற ஏதோ ஒரு நாட்டுக் கம்பெனியின் பெயர்.

“ஏனுங்க, இத்தனை செலவு பண்ணி கார்டு அடிச்சிருக்கீங்க. சொந்தமா ஒரு டொமைன் வாங்கி, அதுல மெயில் வெச்சுக்கக் கூடாதுங்களா?” என்றேன்.

“அதெல்லாம் எதுக்குங்க? இதே நல்லாத்தான ஓடுது. நம்ம என்ன பெரிய கம்பெனியா?”

இந்த ஒரு வார்த்தையை நான் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். நம்ம என்ன பெரிய கம்பெனியா! பெரிய கம்பெனிக்கு இருபது பையர், அதாவது ஆர்டர் கொடுத்துத் துணி வாங்குகிறவர்கள். ஒருவர் போனால் பத்தொன்பது பேர். சின்னக் கம்பெனிக்கு ஒருவர், மிஞ்சிப்போனால் இரண்டு பேர். அவர் நம்மை எப்படி அடையாளம் கண்டுகொள்வார் என்பது பெரியவனை விட நமக்குத்தான் முக்கியம். இதை நின்று கேட்கிற பொறுமை யாருக்கும் இல்லை. அவர் நவக்கிரகம் சுற்றப் போய்விட்டார்.

டொமைன் என்றால் என்னவென்று தெரியாத பிள்ளைகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். உடுமலைப்பேட்டையிலிருந்து வந்து செக்கிங் டேபிளில் நின்று துணியில் ஓட்டை பார்த்தவன். மெல்ல ஆபீசுக்குள் ஏறி மேனேஜர் ஆனேன், ரிட்டயர் ஆகி இப்போது வீட்டில் இருக்கிறேன். மெயில் முகவரியில் நடுவில் ஒரு சுழி வரும் அல்லவா, அதற்குப் பின்னால் வருகிற பெயர்தான் டொமைன். அங்கே உங்கள் கம்பெனி பெயரே வருகிற மாதிரி, வருடத்துக்கு ஒரு தொகை கட்டி, உங்கள் பெயரில் பதிந்துகொள்ளலாம். நீங்கள் கட்டுகிற வரையில் அது உங்களுடையது. அதை வைத்து வேறு யாரும் எழுத முடியாது. ஆபீசுக்கு டீ வாங்குகிற செலவை விடக் குறைவு. இவ்வளவுதான் விஷயம். இந்த இவ்வளவுதான் விஷயத்தைச் செய்யாமல் நாங்கள் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

நான் கடைசியாக வேலை பார்த்தது குழந்தைத் துணி தைக்கிற கம்பெனி. அறுபது மெஷின். முதலாளி நாச்சிமுத்து, ஊத்துக்குளிப் பக்கம் எருமை வைத்திருந்த குடும்பம். நல்ல மனுஷன், ஆனால் சந்தேகம் ஜாஸ்தி. பையர் என்று எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு அம்மாள்தான். டென்மார்க்கில் சின்னதாகக் கடைகள் வைத்திருந்தார். வருடத்துக்கு ஒரு தடவை வருவார், மெஷின் மெஷினாக நின்று பார்ப்பார், முதலாளி வீட்டில் வெறும் கையால் இட்லி சாப்பிடுவார். ஃப்ளோரில் எல்லோரும் அவரை டென்மார்க் அம்மா என்றுதான் சொல்வோம். பத்து வருடம் அந்த அம்மாள் கொடுத்த வேலையில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

அந்த அம்மாளுக்குக் கடிதம் எழுதுவது செல்வம். திசையன்விளைக்கு அந்தப் பக்கத்துப் பையன். எங்களிடம் சேர்ந்து, பையரோடு பேசி எழுதி ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் ஆனான், கல்யாணம் பண்ணிக்கொண்டான், பிள்ளை பெற்றான். அவன் சேர்ந்த புதிதில் கம்பெனிக்கு ஓசி மெயில் ஒன்று திறந்தோம். போன் நம்பர் கேட்டது. “யாரு நம்பரப் போட அண்ணாச்சி?” என்றான். முதலாளி போனில் எப்போதும் ஊர்ச் சொந்தங்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். என் போன் பட்டன் போன். “உன் நம்பரையே போட்டுக்க கண்ணு, எல்லாம் ஒண்ணுதான” என்றேன். அப்படிச் சொன்னது நான்தான். வேறு யார் மேலும் பழி போட மாட்டேன். நம் ஊரில் முக்கால்வாசிக் கம்பெனியில் இப்படித்தான். யார் அந்த நாற்காலியில் உட்காருகிறாரோ அவர் போனில்தான் கம்பெனியின் முகவரி குடியிருக்கும்.

பல வருடம் கழித்து ஓர் ஆடி மாதம். செல்வம் ஊர்க்கோயில் கொடைக்கு நான்கு நாள் லீவு கேட்டான். இசக்கியம்மன் கொடை, அவர்கள் பக்கத்துக் கோயில் திருவிழா. அவன் குடும்பத்துக்கு அதில் ஏதோ முறை இருந்தது. ஷிப்மென்ட் நேரம். முதலாளி முடியாது என்றார். அதை அவனிடம் போய்ச் சொல்கிற வேலை என்னுடையது.

“நீ போகலைன்னா சாமி கோவிச்சுக்காது கண்ணு. ஷிப்மென்ட் போகலைன்னா பையர் கோவிச்சுக்குவாங்க” என்றேன்.

தினம் விளக்கேற்றி, கிருத்திகை தவறாமல் விரதம் இருக்கிறவன் சொன்ன வார்த்தை அது. கொடைக்குப் போனான். திரும்பி வரவில்லை. பல்லடம் ரோட்டில் வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டான் என்று பிறகு தெரிந்தது.

முதலாளிக்கு உடனே சந்தேகம். பையரைக் கொத்திக்கொண்டு போய்விடுவான் என்று பயம். மெயிலின் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார். இனிமேல் ஆபீஸ் கம்ப்யூட்டரைத் தவிர யார் போனிலும் கம்பெனி மெயில் இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். எல்லாம் செய்தோம். போன் நம்பரை மட்டும் மாற்றவில்லை. அது அங்கே இருக்கிறது என்பதே எங்களுக்கு மறந்து போயிருந்தது.

செல்வம் இடத்துக்குக் கவிதா வந்தாள். சோமனூரில் தறி ஓட்டுகிற வீட்டுப் பிள்ளை. வாய் கொஞ்சம் நீளம், வேலை சுத்தம். கடிதத்துக்குக் கீழே கம்பெனி பெயரை மட்டும் போட்டு எழுதுவாள்; அந்த அம்மாளும் அந்த ஒரு வருடம் வரவில்லை, அதனால் ஆள் மாறியது டென்மார்க்கில் யாருக்கும் தெரியாது. மறு வருடம் ஆனி மாதக் கடைசியில்தான் அவள் அதைக் கண்டுபிடித்தாள்.

“சார், நம்ம மெயிலுக்குப் பின்னாடி இருக்கற நம்பர் யாருதுங்க சார்? கடைசி ரெண்டு எண்ணு மட்டும் காட்டுது, நம்மாளுக யாரு நம்பரும் அது இல்லீங்களே.”

சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஊட்டுச் சாவிய வேலைய உட்டுப் போனவருகிட்டக் குடுத்துட்டு நாம உள்ள உக்காந்திருக்கறமுங்க சார். மொதல்ல ஒரு டொமைன் வாங்குங்க. நம்ம பேர்ல, நம்ம நம்பர்ல. நானே அரை நாள்ல போட்டுத் தாறேன்.”

முதலாளிகூட சரி என்றார். தடுத்தது நான்.

“ஆடி பொறக்கப் போகுதுங்க. கம்பெனி பேர்ல ஒண்ணு வாங்கறோம், அத ஆடியில பண்ண வேண்டாமுங்க. ஆவணி மொத முகூர்த்தத்துல சிவன்மலைக்குப் போய் ஒரு அர்ச்சனை பண்ணிட்டுப் போட்டுக்கலாம், நம்பர் மாத்தறதையும் அப்பவே சேத்துப் பண்ணிக்கலாம்” என்றேன்.

கவிதா என்னை ஒரு பார்வை பார்த்தாள். “சார், ஆடியில தள்ளுபடி கூடக் குடுப்பாங்க சார்” என்றாள். “எல்லாத்துலயும் உனக்கு வெளையாட்டு” என்று அடக்கிவிட்டேன்.

ஆடியில் புதுக்காரியம் வேண்டாம் என்பதை நான் இன்றும் நம்புகிறவன்தான். ஆனால் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது புதுக்காரியமா? ஆடி மாதம் என்று யாராவது கதவைத் திறந்து போட்டுத் தூங்குவார்களா? இந்தச் சின்ன வித்தியாசம் அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை. சாமி மேல் பழியைப் போட்டு என் சோம்பலை மறைத்துக்கொண்டேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

ஆடிக் காற்று அடித்தது. லைனில் மரக்கிளை விழுந்து கரண்ட் தாறுமாறாக வந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டர் கருகிய வாசனையோடு அணைந்தது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கி வைத்தோம். மெயிலுக்குள் போக பாஸ்வேர்டு போட்டாள் கவிதா. சரியான பாஸ்வேர்டுதான். ஆனாலும் அது, புது இடத்திலிருந்து வருகிறீர்கள், உங்கள் போனுக்கு ஒரு ஓடிபி அனுப்பியிருக்கிறோம், சொல்லுங்கள் என்றது.

உங்கள் போன் என்று அது சொன்னது செல்வத்தின் போனை.

அன்றைய நிலைமை இதுதான். டென்மார்க் அம்மாளின் ஆர்டர் முழுவதும் தைத்து, பெட்டி போட்டு, கோடவுனில் நிற்கிறது. கழுத்துப் பட்டியில் அவர் ஒரு மாற்றம் கேட்டிருந்தார். மாற்றித் தைத்துச் சாம்பிள் அனுப்பிவிட்டோம். ‘சரி, அனுப்பலாம்’ என்று அவர்கள் ஆபீசிலிருந்து மெயில் வர வேண்டும். அது வந்தால்தான் தூத்துக்குடிக்கு லாரி கிளம்பும். ஆறு நாளில் கப்பல். அந்தக் கப்பலை விட்டால் அவர்கள் சீசனுக்குத் துணி போய்ச் சேராது. சேராத துணி யாருக்கும் வேண்டாம். அந்த அம்மாள் போனால் அறுபது மெஷினுக்கும் வேலை இல்லை.

முதலில் செல்வத்தின் நம்பருக்குப் போன் போட்டோம். யாரோ ஹிந்தியில் எடுத்தார்கள். செல்வம் அந்த நம்பரை விட்டு மாதக்கணக்காகியிருக்கிறது, அது வேறொருவருக்குப் போய்விட்டது. கவிதா பேக்கிங் செக்‌ஷனில் பழகின ஹிந்தியில், “பையா, உங்க போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், அதைச் சொல்லுங்க” என்று கெஞ்சினாள். அந்தப் பக்கம் ஒரே திட்டு. போனை வைத்துவிட்டான்.

“என்ன கண்ணு சொல்றான்?”

“உங்கள மாதிரி ஆளுகளத்தான் டிவில காட்டறாங்க, போலீஸ்ல புடிச்சுக் குடுக்கறேங்கறான் சார். நம்ம நம்பர பிளாக் பண்ணிட்டான்.”

அவன் பேரில் தப்பே இல்லை. ஓடிபியை யாருக்கும் சொல்லாதே என்று நாடே சொல்கிறது. எங்களை விட அவன் புத்திசாலி.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததுதான் பெரிய கூத்து. கவிதா அவசரத்துக்கு வேறொரு ஓசி மெயில் திறந்து, எங்கள் பழைய மெயில் பூட்டிக்கொண்டது, இதற்குப் பதில் எழுதுங்கள் என்று ஆர்டர் தாளில் இருந்த டென்மார்க் ஆபீஸ் முகவரிக்கு எழுதினாள். பதில் இல்லை. முதலாளி பதறிப்போய் தன் மருமகனிடம் சொல்லி இன்னொரு முகவரியில் எழுத வைத்தார், எங்களிடம் சொல்லாமல். நானும் சும்மா இருக்கவில்லை. பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து மூன்றாவதாக ஒன்று. மூன்றிலும் எங்கள் கம்பெனி பெயர். மூன்றிலும் ‘அவசரம், உடனே’.

மறுநாள் அதே தாளில் இருந்த நம்பரில் அவர்கள் ஆபீசுக்குப் போன் போட்டோம். அங்கே ஆடி மாதம் என்றால் எல்லோரும் விடுமுறைக்குப் போகிற காலம். அம்மாளும் போய்விட்டார். அவர் இடத்தில் ஒரு புது ஆள். எங்களை அவன் பார்த்ததில்லை.

“மூன்று வெவ்வேறு முகவரியிலிருந்து மூன்று பேர், நாங்கள்தான் அந்தக் கம்பெனி என்று எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த முகவரியிலிருந்து ஒரு பதிலும் இல்லை. இது மோசடி என்று எழுதி வைத்திருக்கிறேன். தெரிந்த முகவரியிலிருந்து எழுதுங்கள். போனில் எதுவும் ஒப்புக்கொள்ள எனக்கு அனுமதி இல்லை” என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

முதலாளி போனை வாங்கி, “சார், ஐ ஆம் ஓனர் சார். ஓன்லி ஓனர்” என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

“ஏனுங்க மணியண்ணா, நான்தான் நானுன்னு எப்பிடிங்க சொல்றது?”

அந்த அம்மாளின் சொந்த போன் நம்பர்கூட எங்கள் ஒருவரிடமும் இல்லை. இருந்ததெல்லாம் அந்தப் பூட்டின மெயிலுக்குள். பத்து வருடம் பேசினது எழுதினது எல்லாம் செல்வம்.

நான்கு நாள் பாக்கி. செல்வத்தின் புதுக் கம்பெனி வாசலில் போய் நின்றேன். வாட்ச்மேன் நம்பர் தர மறுத்தார். “கொடைக்கு ஊருக்குப் போயிருக்காப்டிங்க” என்று மட்டும் சொன்னார். வேறு கம்பெனி மேனேஜர் வந்து நின்றால் யார்தான் தருவார்கள்?

முதலாளி போக வேண்டாம் என்றார். “அவன் நம்ம மேல கோவத்துல இருக்கான். நம்ம மாட்டிக்கிட்டம்னு தெரிஞ்சா பையர அங்க இழுத்துட்டுப் போயிருவான். வாயத் தொறக்காம இருக்கறதே நல்லது” என்றார். அவர் பயம் நியாயமானது. யோசித்துப் பார்த்தேன். சும்மா இருந்தால் பையர் போவது நிச்சயம். செல்வத்திடம் போனால் போகலாம், போகாமலும் இருக்கலாம். அவனோடு பத்து வருடம் ஒரே டிபனில் கை வைத்துச் சாப்பிட்டிருக்கிறேன். அவன் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியாதா? பஸ் ஏறிவிட்டேன். அவன் கல்யாணப் பத்திரிகையில் இருந்த ஊர்ப் பெயர் ஒன்றுதான் கையில்.

மறுநாள் உச்சிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தேன். மதியக் கொடை நடந்துகொண்டிருந்தது. பனைக்கு நடுவில் பந்தல், மேளம், ஊரே அங்கே. செல்வம் மஞ்சள் வேட்டியோடு, மேலெல்லாம் சந்தனத்தோடு நின்றான். என்னைப் பார்த்துத் திகைத்தான். பிறகு வந்து கையைப் பிடித்தான்.

“அண்ணாச்சி! எப்ப வந்திய? சாப்ட்டியளா?”

“சாப்பாடு இருக்கட்டும் செல்வம். ஒரு பெரிய சங்கடம்.”

“சாமி பூசை முடியட்டும். அதுக்குப் பொறவு கேக்கேன்.” இரண்டடி போனவன் திரும்பினான். “நீங்க போன வருசம் சொன்னியல்லா, வரலைன்னா சாமி கோவிச்சுக்காதுன்னு. சாமி ஒண்ணும் கோவிச்சுக்கிடல அண்ணாச்சி. நாந்தான் கோவிச்சுக்கிட்டேன்.”

பூசை முடிகிற வரை ஓரமாக நின்றேன். அம்மனிடம் என் கம்பெனிக்காக வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை. அன்று பேசின வார்த்தைக்கு மன்னிப்புத்தான் கேட்டேன்.

திருநீறு வாங்கிக்கொண்டு பனையடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. முதலாளி அவனைச் சந்தேகப்பட்டதைக்கூட. செல்வம் உதட்டைப் பிதுக்கினான்.

“அந்த நம்பர நான் ரீசார்ஜே பண்ணல அண்ணாச்சி, எப்பமோ போயிட்டு. அந்த மெயில இனிமே யாராலயும் தொறக்க முடியாது.”

இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தேன் என்று ஆகிவிட்டது. அவன் என் முகத்தைப் பார்த்தான். போனை எடுத்து எதையோ தேடினான்.

“எம் மவன் பொறந்தப்ப அந்த அம்மா கையால ஒரு தொப்பி பின்னி அனுப்பிச்சாவ. அதுக்கு நன்றி சொல்ல நம்பர் வாங்குனேன். அவிய லீவுல இருந்தாலும் எனக்கு எடுப்பாவ.”

எனக்கு முன்னாலேயே, போனைச் சத்தமாக வைத்துப் பேசினான். அந்த அம்மாள் எடுத்தார். குழந்தை நலமா என்று கேட்டார். செல்வம் விஷயத்தைச் சொன்னான். மூன்று கடிதமும் மோசடி இல்லை, கம்பெனிக்காரர்கள்தான் என்றான்.

“நீ இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாயா?” என்று கேட்டார்.

செல்வம் என்னைப் பார்த்தான். அந்த ஒரு நிமிஷம் எங்கள் அறுபது மெஷினும் அவன் நாக்கில் இருந்தது. என் புதுக் கம்பெனிக்கு வாருங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“இல்லை மேடம். ஒரு வருடம் ஆயிற்று.”

அதற்கு அந்த அம்மாள் கேட்டதை நான் சாகிற வரை மறக்க மாட்டேன். “பத்து வருடமாக எனக்கு எழுதியது நீ. எனக்குத் தெரிந்தது உன்னை. நீ அங்கே இல்லை என்றால், அந்தப் பெயரில் எழுதுகிற அவர்கள் யார்?”

“எழுதினது நான், மேடம். தைத்தது அவர்கள்” என்றான் செல்வம்.

அன்று சாயங்காலம் அந்த ஆபீஸ் ஆளிடமிருந்து கவிதாவின் புது முகவரிக்கு ‘அனுப்பலாம்’ என்று வந்தது. அதோடு அம்மாளின் வார்த்தையும் இருந்தது. இந்த ஒரு தடவைதான். இனிமேல் ஒரு ஆளுடைய முகவரியிலிருந்து வருகிற கடிதத்தை ஏற்க மாட்டேன், ஒரு வாரத்துக்குள் கம்பெனியின் சொந்தப் பெயரிலிருந்து எழுதுங்கள் என்று. லாரி மறுநாள் காலை கிளம்பியது. கப்பலைப் பிடித்துவிட்டோம்.

நான் நேரே ஆபீசுக்குப் போனேன். “டொமைன் வாங்கு கண்ணு, இப்பவே” என்றேன். கவிதா ஆடியைப் பற்றிக் கேலி பேசுவாள் என்று பார்த்தேன். பேசவில்லை. பதிகிற இடத்தில் போன் நம்பர் கேட்டது. வேறொன்றும் யோசிக்காமல் முதலாளி, “உன்ற நம்பரப் போடு அம்மிணி” என்றாரே பார்க்கலாம்! இவ்வளவுக்குப் பிறகும்! எனக்கு வந்த கோபத்தில் மேஜையைத் தட்டிவிட்டேன்.

கவிதாதான் அமைதியாகச் சொன்னாள். “வேண்டாமுங்க மொதலாளி. எனக்குத் தை மாசம் கல்யாணம். அப்பறம் என்ற ஓடிபி கேட்டு மணி சார் எங்க மாமனார் ஊட்டு வாசல்ல வந்து நிப்பாரு.”

கம்பெனி பெயரில் தனி சிம் வாங்கினோம். அது ஆபீஸ் பீரோவில் ஒரு பட்டன் போனில் கிடக்கும். ரீசார்ஜ் செய்கிற பொறுப்பு முதலாளி வீட்டம்மாவுக்கு. டொமைனுக்குத் திரும்பப் பணம் கட்ட வேண்டிய தேதியை தினசரிக் காலண்டரில் ஒரு மாதம் முன்னாலேயே சிவப்பில் எழுதினோம். வருடா வருடம் காலண்டர் மாறும்போது முதல் வேலை அந்தச் சிவப்பு எழுத்தை மாற்றி எழுதுவது. மெயிலில் கவிதா பெயர் இல்லை, செல்வம் பெயர் இல்லை. ஆர்டர் என்று ஒரு முகவரி, அக்கவுன்ட்ஸ் என்று ஒன்று. ஆள் மாறலாம், முகவரி மாறாது. முதலாளி செல்வத்துக்குப் போன் செய்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, “தம்பி, திரும்பி வந்தர்றீங்களா?” என்றார். “இங்கன நல்லா இருக்கேன் மொதலாளி. லீவு தாராவ” என்றான். அதற்குமேல் கேட்க அவருக்கு முகம் இல்லை.

டென்மார்க் அம்மாள் நின்றுவிட்டார். நல்லபடியாக முடிந்ததே என்று நீங்கள் நினைக்கலாம். அந்த நினைப்புதான் எனக்கு எரிச்சல். முடியவில்லை, பிள்ளைகளே. பூட்டின அந்தப் பழைய மெயில் பெட்டி இன்னும் இருக்கிறது. கடிதம் போட்டால் வாங்கிக்கொள்ளும். திரும்பி அனுப்பாது, இல்லை என்று சொல்லாது. பழைய கார்டு எங்கெங்கோ போயிருக்கிறது. கண்காட்சிகளில் கொடுத்தது, சாம்பிள் பெட்டியில் போட்டது. அதைப் பார்த்து யார் யார் எழுதுகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

நான் ரிட்டயர் ஆவதற்கு முந்தின மாதம் ஒரு வெளிநாட்டுக்காரர் ஆபீசுக்கு வந்தார். முன்பு ஒரு தடவை எங்கள் சாம்பிளை வாங்கிப் போனவர். வேறு கம்பெனிக்கு ஆர்டர் கொடுக்க வந்தவர், எங்கள் போர்டைப் பார்த்து ஆட்டோவை நிறுத்தி இறங்கியிருக்கிறார். உங்கள் துணிதான் எனக்குப் பிடித்திருந்தது, இரண்டு வருடத்தில் நான்கு தடவை எழுதினேன் என்றார். கவிதா அந்த முகவரியைக் கேட்டாள். அவர் பர்ஸிலிருந்து எங்கள் பழைய கார்டை எடுத்துக் காட்டினார். ஆர்டரைக் காலையில்தான் வேறு இடத்தில் முடித்திருந்தார்.

“பதில் வராததால் கம்பெனியை மூடிவிட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்” என்றார்.

அவர் சொன்னதை இரண்டு தடவை கேட்டுத்தான் நான் புரிந்துகொண்டேன். உள்ளே அறுபது மெஷினும் ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில், முதல் தடவை காதில் விழவில்லை.